தொடாத கருவாடு

கருவாடு சுடும் வாசனை யாரிடமும் உத்தரவு கேட்காது, சுவர் ஏறிக் குதித்து வந்துவிடும். எங்கள் தெருவில் எந்த அடுப்பில் அது கருகினாலும் நான் வீட்டில் இருப்பதில்லை. பாபநாசத்துக்கு மேலே, ஒழுகுகிற ஒரு தகரக் கூரையின் கீழ், வெறுஞ்சோற்று உருண்டையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்தெட்டு வயது. பாளையங்கோட்டையில் ஆசிரியர் வேலை. பேட்டையில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள். காபியை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், "புஸ்தகம்லாம் படிப்பீயளா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே மனசுக்குள் தாலி கட்டிவிட்டேன். ஜாதகம் பொருந்தியது. சம்பளமும் ஏறக்குறையப் பொருந்தியது. மிச்சம் இருந்தது விசாரிப்பு மட்டும். மாப்பிள்ளை குடிப்பானா, மீன் முட்டை தொடுவானா என்று டீக்கடையில் துப்புக் கேட்பது ஊர் வழக்கம். பெண்ணின் அண்ணன் தென்காசியில் வங்கி அதிகாரி. நேரடித் தணிக்கையில் நம்பிக்கை உள்ளவர்.

"காரையாத்துக்கு மேல காட்டிலாகா குடிசை ஒண்ணு இருக்கு, மாப்ளே. லேசான நடைதான். ஒரு ராத்திரி தங்கிட்டு வருவோம்" என்றார்.

இருவருமே சைவ வீட்டுப் பிள்ளைகள். "எங்க வீட்ல வெள்ளிக்கிழமை வெங்காயம்கூட கெடையாது" என்றார் முதல் திருப்பத்தில். "எங்க வீட்ல அமாவாசைக்கும் கெடையாது" என்றேன் இரண்டாவது திருப்பத்தில். வண்ணார்பேட்டை மெஸ்ஸில் வாரம் தவறாமல் அயிலை மீன் வறுவல் தின்கிற வாய் இது. நடை லேசுதான், பொய்தான் மூச்சு வாங்கியது.

குடிசை வாசலில் புளியோதரைப் பொட்டலங்களை வைத்துவிட்டு ஓடையில் கால் நனைக்கப் போனோம். திரும்பி வருவதற்குள் குரங்குகள் பந்தி முடித்து, வாழையிலையையும் நக்கி எறிந்திருந்தன.

விளக்கேற்றும் நேரம். குடிசைக் காவலாளி அடுப்பைக் கிளறினார்.

"சோறு கெடக்கு, சார். தொட்டுக்கிட சாளைக் கருவாடுதான். உவரிச் சரக்கு, வாசம் பாத்தீயளா?"

"சே, நாங்க அதெல்லாம் தொடுததில்ல" என்றார் அண்ணன். கண் மட்டும் தணலை விட்டு நகரவில்லை.

"இங்கன யாரு வந்து பாக்கப் போறா? இந்த மலையில சாமியே வேட்டைக்காரச் சாமிதான், சார்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பொறி என்று நினைத்தேன். வங்கி அதிகாரி வைத்த பொறி.

"எனக்கு அந்த வாசமே கொமட்டும், அண்ணாச்சி" என்றேன், ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டே.

அண்ணனின் கை, தனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாததுபோல, பைய தட்டுக்குப் போனது. முதல் துண்டை மருந்து மாதிரி விழுங்கினார். நான்காவதை முள்ளோடு மென்றார். நான் உப்புக்கல்லைத் தொட்டுக்கொண்டு வெறுஞ்சோற்றைத் தின்றேன், தலைமேல் அட்சதை விழுந்துகொண்டிருக்கும் முகத்தோடு.

காலையில் இறங்கும்போது, "பாத்து எறங்குங்க, தம்பி" என்றார். முந்தின நாள் முழுக்க மாப்ளே. நான் கவனித்தேன், பனியில் குரல் கட்டியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாபநாசத்தில் அவருக்குத் தென்காசி பஸ், எனக்குத் திருநெல்வேலி பஸ்.

"வீட்ல என்ன சொல்லப் போறீய, அண்ணாச்சி?"

"சரிவராதுன்னுதான்."

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலயே. அதான் பயமா இருக்கு. ஒவ்வொரு விசேஷத்துக்கும் பந்தியில எனக்கு எதுக்க உக்காந்து, அந்தச் சுத்தமான மொகத்தை வச்சிக்கிட்டு என்னைப் பாப்பீயள்லா?"

அயிலை தொண்டைவரை வந்தது. சொன்னால் பொய்யன், சொல்லாவிட்டால் புண்ணியவான். இரண்டு பேருக்கும் பெண் கிடையாது. நான் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கையில் நடத்துநர் விசில் கொடுத்தார். நகரும் பஸ்ஸின் ஜன்னலில் இருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். முகத்தில் நிஜமான வருத்தம்.

"ஒரு துண்டாவது கடிச்சிருக்கலாம்லா, தம்பி."