இழுப்பு இல்லாத குரல்

நேற்று கோரிப்பாளையம் சிக்னலில் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது அக்கா போனில் அழைத்தாள். எனக்கு ஹாரன் சத்தத்தில் காது கிழிகிறது. அவளோ, "எங்கடா இருக்க, கோயில்லயா? ஒரு சத்தத்தையும் காணோம்" என்றாள். பயந்துபோய் அழைப்பைத் துண்டித்துவிட்டேன். இதற்குப் போய் ஒருவன் பயப்படுவானா என்று நீங்கள் நினைக்கலாம். சத்தத்தைத் துடைக்கிற வேலையைச் சில வருடம் பார்த்தவன் நான்.

விளாங்குடியில் ஒரு மாடி அறை. இப்போது அந்தக் கட்டடமே இல்லை. கீழே மாவு மில். காலையில் படியேறும்போதே மிளகாய் நெடி மூக்கில் ஏறும். நான் தும்மாத ஒலிப்பதிவு ஒன்றுகூடக் கிடையாது. நாலைந்து பேர் உட்கார்ந்து, போன் பேச்சைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். சிக்னல் செத்துக் கிடக்கிற இடத்துக்கும் பேச்சு போய்ச் சேர வேண்டும். வீட்டில் கேட்டால் போன் ரிப்பேர் என்று சொல்லிவைப்பேன். விளக்கப் போனால் எனக்கே பாதிதான் புரியும். விஷயம் இதுதான்: குரல் முழுதாகப் போகாது. அதைப் பற்றிய சின்னக் குறிப்பு மட்டும் போகும். அந்தப் பக்கத்து போன் அதை வைத்துக் குரலைப் புதிதாகச் செய்துகொடுக்கும்.

கூட வேலை பார்த்தவன் முத்துப்பாண்டி. அவனுடைய அய்யா ஊரில் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். அவருக்கு ரொம்ப நாளாக ஆஸ்துமா. பேச்சைவிட மூச்சு இழுக்கிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். அதைவிடக் கஷ்டமான குரல் கிடைக்காது என்பதால், புதிதாக எதைச் செய்தாலும் முதல் அழைப்பு அவருக்குத்தான். எங்களுக்கு அது சோதனை. முத்துப்பாண்டிக்கோ வேறு. "நல்லாருக்கேன்" என்று அவர் எப்போதும் சொல்வார். இவன் அதைக் காதில் வாங்கவே மாட்டான். இழுப்பை மட்டும் கேட்பான். அது கூடியிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக உடனே பைக்கை எடுத்துவிடுவான்.

ஒரு மழைக்காலத்தில் புதுப் பதிப்பு தயாரானது. ஸ்பீக்கரில் அய்யாவின் குரல் கணீரென்று வந்தது: "என்னடா, சாப்ட்டியா?" இழுப்பே இல்லை. கைதட்டினோம், வடை வாங்கினோம். முத்துப்பாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, புது மருந்து கேக்குது போல. எம்புட்டுத் தெளிவாப் பேசுறாரு பாருங்க!"

மூச்சுச் சத்தத்தைத் தேவையில்லாதது என்று கழிக்கச் சொல்லும் வரியை மென்பொருளில் எழுதியவனே அவன்தான். தெரியாமலா இருக்கும்? ஆனாலும் காது கேட்டதை மனசு நம்பிவிட்டது. பிள்ளை மனசு, நம்பத்தான் செய்யும்.

அந்த வாரம் தினமும் பேசினார். மழை கூடியது, ஈரக்காற்று கூடியது, குரல் மட்டும் மாறவே இல்லை. கொஞ்சம்கூட மாறவில்லை என்பதே எனக்கு என்னவோபோல் இருந்தது. முத்துப்பாண்டிக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

"ஊருக்கு வாரேன்யா" என்றான்.

"எதுக்குடா? நல்லாத்தான இருக்கேன். வேலயப் பாரு."

அதே கணீர். அவன் போகவில்லை.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர், எங்கள் மென்பொருள் இல்லாத சாதாரண போனில் கூப்பிட்டார். "தம்பி, ஒங்கய்யா ஒரு வாரமா மூச்சு விட முடியாமக் கெடந்தாரே, ஒங்கிட்டச் சொல்லலையா? காலைல எந்திரிக்கவே இல்லப்பா. வெரசா வா."

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தவன், அய்யாவின் குரலைக் கேட்க வேண்டும் என்றான். இடத்தை அடைக்கிறது என்று பழைய பதிவுகளையெல்லாம் அழித்திருந்தோம். புதுப் பதிப்பில் வந்தவைதான் மிச்சம். ஒன்றைப் போட்டேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னான்.

"இது யாருண்ணே? எங்கய்யா என்னைக்கும் இம்புட்டு நல்லாப் பேசுனதில்ல."