அப்பா கொண்டுபோன பாதிப் புத்தகம்

எங்கள் வாசகர் குழுவில் ஞாயிறுதோறும் அவரவர் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலர் பின்னட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்து அளப்பார்கள். யார் படித்தவர், யார் படிக்காதவர் என்பதை இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். இந்த விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதே பெற்ற அப்பாவைக் கையும் களவுமாகப் பிடித்தவள் நான்.

அப்பா லாரி ஓட்டினார். ராசிபுரத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா பக்கம் போவார். அங்கே கிடைக்கிற லோடைப் பிடித்து இன்னும் எங்கெங்கோ போய்த் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். புதுச்சத்திரத்து வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். பொழுது சாயும் நேரத்தில் அவர் எங்காவது வண்டியை நிறுத்திவிட்டு போன் செய்வார். சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு, வைக்கட்டுமா. அவ்வளவுதான். சில நாள் அதுவும் வராது. அன்றைக்கெல்லாம் அம்மா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், ஒரு வாய் இறங்காது. ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை அப்படியே நின்றுவிடும். அப்பா மகாராஷ்டிராவில் இருக்கும்போது புதுச்சத்திரத்து ஆம்புலன்ஸுக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று நான் நியாயம் பேசுவேன்.

இதற்கு அம்மா கண்டுபிடித்த வைத்தியம்தான் புத்தகம். நாமக்கல் போனபோது தடியாக ஒரு நாவல் வாங்கி வந்தாள். அப்பா கிளம்பும் நாள் காலையில் பிளேடை எடுத்து, புத்தகத்தின் முதுகில் வைத்து, நடுவாக அறுத்தாள். எனக்குப் பகீரென்றது. முதல் பாதியைச் சாக்குத் தைக்கும் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அவளுக்கு மட்டுமே போட வரும் ஒரு முடிச்சைப் போட்டு அப்பாவின் பைக்குள் வைத்தாள். வண்டி நிற்கிற நேரத்தில் அப்பா படிக்க வேண்டும். படித்தவரைக்கும் சாயங்காலம் போனில் சொல்ல வேண்டும். அவர் முடித்த பிறகு அம்மா இரண்டாம் பாதியைப் படித்து அவருக்குச் சொல்வாள். பள்ளிக்கூட நாளில் அப்பாவும் கதைப் புத்தகப் பைத்தியமாக இருந்தவர்தானாம். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட போன் தவறவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு இருவரும் பக்கத்தில் உட்காருவோம். அட்டைப் படத்தில் இருந்தபடியே கதையில் ஒரு குடியானவன், அவன் பெண்டாட்டி, ஒரு மகள். மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் பேசினார். அப்பறம் என்னாச்சுங்க என்று அம்மா கேட்டால், செருமிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். எனக்கு அந்தக் குடியானவனிடம் ஒரே ஒரு குறைதான். மழை கொட்டினாலும் ஊரே இரண்டுபட்டு அடித்துக்கொண்டாலும், பொழுது சாய அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். பெண்டாட்டி சோறு போடுவாள். என்ன குழம்பு என்பது வரைக்கும் அப்பா விலாவாரியாகச் சொல்வார்.

எனக்குப் பொறுமை இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் அம்மா வைத்திருந்த இரண்டாம் பாதியை எடுத்துப் படித்தேன். படித்த முதல் பக்கத்திலேயே தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குடியானவன், மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே கப்பலேறி அக்கரைக்குப் போய்விட்டான். வருஷக்கணக்காகத் தகவல் இல்லை. பெண்டாட்டி காத்துக் கிடக்கிறாள். அப்படியானால் அப்பா தினமும் சொல்வது எந்த ஊர்க் கதை? புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

“அம்மா, அப்பா புளுகறாரு. அவரு படிக்கவே இல்ல.”

அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியும். அறுக்கறதுக்கு முன்னாலயே நான் முழுசும் படிச்சுட்டேன்.”

ஒரே வீட்டில் இரண்டு பித்தலாட்டம்! சாயங்காலம் போனில் அப்பாவின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றப்போகிறேன் என்று அறிவித்தேன். அம்மா திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை.

“சொல்றதுன்னாச் சொல்லு சாமி. நாளைக்குப் போன் வராட்டி, நீயே ரோட்டப் பாத்துக்கிட்டு நில்லு.”

போன் வந்தது. அன்றைக்கென்று பார்த்து, கதையை ஆரம்பிக்கும் முன்னால், நான் என்ன புத்தகம் படிக்கிறேன் என்று அப்பா கேட்டார். வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையைச் சுருட்டிக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“உங்க கதையே நல்லாருக்குதுங்கப்பா. சொல்லுங்க” என்றேன்.

பயந்துபோய் விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முந்தின நாள் அப்பா நிறுத்திய இடத்தில், குடியானவன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. புத்தகத்தில் அது கிடையாதே.

அப்பா ஊர் திரும்பினார். அழுக்குத் துணியோடு அந்தப் பாதிப் புத்தகமும் வந்து விழுந்தது. மேலெல்லாம் டீசல் கறை. நூல் அப்படியே இருந்தது, அம்மாவின் முடிச்சும் அப்படியே இருந்தது. படித்து முடித்ததும் பத்திரமாகத் திரும்பக் கட்டி வைத்ததாக அப்பா யாரும் கேட்காமலே சொன்னார். ஆமாங்க, நல்லாத்தான் கட்டியிருக்கீங்க என்றாள் அம்மா. நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த லோடுக்கு அப்பா போனபோது அம்மாவின் முறை வந்தது. இரண்டாம் பாதியை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள், பக்கத்தைத் திருப்பவே இல்லை. குடியானவன் மகளுக்கு எடப்பாடியில் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன அன்றும் குடியானவன் பொழுது சாய வந்து உட்கார்ந்தான். கொள்ளுப் பருப்பும் ரசமும் என்றாள் அம்மா. “அப்பறம்?” என்று இந்த முறை போனுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

பிறகு இரண்டு பாதியையும் அம்மா கோணி ஊசியால் சேர்த்துத் தைத்தாள். நான் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். கப்பல் இருந்தது, புயல் இருந்தது, கதை என்றால் அது கதை. இவர்கள் சொன்னதில் குழம்பும் ரசமும்தான். எங்கள் வீட்டிலேயே உண்மையான வாசகி நான் ஒருத்திதான் என்ற தீர்மானத்துக்கு அன்றே வந்துவிட்டேன். ஒரு மனுசன் பொழுது சாய வீட்டுக்கு வந்து சோறு தின்பதை, இரண்டு பேரும் மாற்றி மாற்றி எதற்காக இத்தனை ஆசையாகச் சொல்லிக்கொண்டார்கள் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.