மருமகளாறு

நான்காம் வகுப்பில் டீச்சர் எங்கள் ஊர் ஆற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார். ஆற்றின் பெயர் மருமகளாறு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அத்தையிடம் கேட்டேன்.

"மலையில மழை பேஞ்சா வரும். அப்புறம் சொல்லாம கொள்ளாம போயிடும். மருமகள்னா வேறென்ன?" என்றாள் அத்தை, அப்பாவைப் பார்த்துக்கொண்டே.

அம்மா மலைக்காரி. அவள் பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மாமாவுக்குக் காய்ச்சல் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதமாகவா ஒருவருக்குக் காய்ச்சல் அடிக்கும்? போவதற்கு முந்தின நாள் அத்தைக்கும் அவளுக்கும் நடந்த சண்டை என் காதிலும்தான் விழுந்தது.

அப்பாவின் புளுகு அதற்கு மேல். "ஆறு பொறக்கிற எடத்தப் போட்டோ எடுத்தாரேன்" என்று ஞாயிறுதோறும் பைக்கில் கிளம்புவார். அவர் குளிக்கப் போன நேரத்தில் போனைத் துழாவினேன். ஒரு போட்டோகூட இல்லை. அப்படியென்றால் அம்மாவைக் கூப்பிடத்தான் போய்த் தனியாகத் திரும்புகிறார்; அம்மா இனி வரவே மாட்டாளோ? அடுத்த ஞாயிறு அவருக்கு முன்பே பைக்கில் ஏறிக்கொண்டேன். இறங்கச் சொன்னதும் அழுது ஊரைக் கூட்டினேன்.

ஆற்றோரமாகவே போனோம். தடுப்பணை வரை வெறும் மணல். அப்புறம் பாறை, பாறை இடுக்கில் தண்ணீர். கடைசியில் மாமா வீட்டுக் கொல்லையில் புங்கமரத்தடியில் சின்ன ஊற்று. இதுதான் ஆறாம்! அம்மா அங்கே துணி அலசிக்கொண்டிருந்தாள். காய்ச்சல்கார மாமா தெம்பாகப் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார்.

நோட்டை நீட்டி அம்மாவிடமும் கேட்டேன்.

"அது உங்கூர்ல வச்ச பேரு பாப்பா. இங்க இது மகளாறு" என்றாள். "வத்திப்போச்சும்பாங்க. மணலத் தோண்டிப் பாத்தா அங்கயேதான் இருக்கும்."

ஒரே ஆற்றுக்கு இரண்டு பெயரா? அம்மாவும் கதை விடுகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

"வூட்டுக்குப் போலாம் வா" என்றார் அப்பா.

"உங்கக்கா என்ன சொல்லுவாங்களாம்?"

"நான் பேசிக்கறேன்."

மூன்று பேரும் ஒரே பைக்கில் மலையிறங்கினோம். வழியெல்லாம் அம்மாவின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன்.

சாயங்காலம் அத்தை என் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "ரெண்டு பேரு எழுதினா மார்க்கு போட மாட்டாங்க" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. உடனே ரப்பரை எடுத்து மகளாறை அழித்தேன். சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா, கரண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த ஒரு மாதம் வீட்டில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். என் கையிலிருந்த ரப்பர்மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.