லெட்சுமி அக்காவுக்கு நான் கட்டிவிட்ட பட்டுச்சேலை

மலேசியாவில், சுங்கைப் பட்டாணி ஊரின் தேநீர்க் கடையில் வெள்ளைக்காரர் ரீஸ், "அண்ணே, தே ஒண்ணு, சீனி கொறச்சு" என்பார். மதுரைக்காரனான நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் டீ கேட்பேன். கடைக்காரருக்கு எங்கள் இருவரையும் பார்த்தால் சிரிப்பு.

ரீஸ் வேல்ஸ் நாட்டவர். முப்பது வருடம் பல ஊர்த் தூதரகங்களில் வேலை. ஓய்வுக்குப் பின் எழுத்தும் மொழிபெயர்ப்பும். முதல் புத்தகம், அவர் அம்மா வேல்ஸ் மொழியில் எழுதிய கடிதங்களின் ஆங்கிலம். அம்மா படித்துவிட்டு, "இது யார் எழுதியது?" என்றாராம். அதிலிருந்து, சொன்னவர் காதில் படித்துக் காட்டாமல் எதையும் அவர் அச்சுக்குத் தருவதில்லை. இப்போது இங்கே ரப்பர் தோட்டத்து மக்களின் கதைகளை ஆங்கிலத்தில் எழுதுகிறார். தமிழ் பேசுவார், வேகமாகப் பேசினால் பிடிபடாது. அதனால் கேட்டு எழுதித் தரும் வேலை எனக்கு. பக்கத்து ஊரான குருணில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன் நான், ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழறிஞன்!

குருண் பக்கத்து லெட்சுமி அக்கா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் விற்ற மறுநாளும் பழக்கத்தில் வெட்டப் போய்விட்டார். "மங்கு பூரா பாலு தம்பி. யாருகிட்ட ஊத்துறது? சூசா லா!" என்றார். 'சூசா' என்றால் மலாயில் கஷ்டம். மலாய் கலந்த அந்தப் பேச்சு எனக்குக் கூசியது. ஊரில் யாராவது படித்தால் என்ன நினைப்பார்கள்? "கிண்ணங்கள் யாவும் நிரம்பின, ஏற்பார் எவருமிலர்" என்று எழுதினேன். போனில் இடமில்லையென்று ஒலிப்பதிவையும் அழித்துவிட்டேன்.

போன ஞாயிறு ரீஸுடன் அக்கா வீட்டுக்குப் போய் அதை நானே கம்பீரமாகப் படித்தேன். அக்கா மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும், "நல்லாருக்கு தம்பி. பெரிய எடத்துப் பொம்பள போல. பாவம், யாரு அது?" என்றார்.

ரீஸின் முகம் வெளுத்தது. "அக்கா பேசினது எங்கே?" என்றார். அழித்ததைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை, நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். சீ, என்ன மனிதன் நான்! அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, "இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா, எப்பவும் பேசற மாதிரியே" என்று கெஞ்சினேன்.

"ஐயோ, அது நான்தானா?" அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "நம்ம பேச்சு புஸ்தகத்துக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாம போச்சே தம்பி. இந்தவாட்டி சுத்தமா சொல்றேன்."

முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்... அதிகாலை... எழுந்து... சென்றேன்..." ஒவ்வொரு சொல்லுக்கும் என் முகத்தைப் பார்த்தார், சரிதானா என்று.