நான்கு கொடிகளுக்கு நடுவே

போன வாரம் என் அண்ணன் மகன் தொலைக்காட்சியில் போர்ச் செய்தி பார்த்துக்கொண்டே, "இப்பல்லாம் சாட்டிலைட் சொல்ற இடத்துலதான் ஏவுகணை விழும் அத்தை. தப்பவே தப்பாது," என்றான். தட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அவன்மேல் கோபமில்லை. 1989 ஆகஸ்டில், மலேசியாவின் குவாலா சிலாங்கூரில், ஒரு பழைய பீரங்கியில் சாய்ந்துகொண்டு நானும் இதற்குத் தலையாட்டியவள்தான். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு வழி சொல்வதோடு, அந்தக் கதையையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, நில அளவைக் கம்பெனியில் உதவியாளர் வேலை. முதலாளி வீரையா அண்ணன், ராணுவத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்து வந்தவர். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் புழு விழுந்திருந்தது. சிறிய விமானத்தில் மருந்து அடிக்கப் போகிறார்கள். பதினேழாம் பிளாக்கின் நான்கு மூலைகளை அளந்து சிவப்புக் கொடி நட வேண்டும். கொடிகளுக்கு நடுவே விமானம் மருந்தைக் கொட்டும். கொடி இல்லையென்றால் அடிக்காது.

அளப்பதற்குப் புதுப் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். வானத்திலிருக்கும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, நாம் நிற்கும் இடத்தை எண்ணாகச் சொல்லும். திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு கோலாலம்பூரில் வேனை எடுத்தோம். அறுபத்தேழு கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். குவாலா சிலாங்கூரில் அறை வாடகை பதினெட்டு மலேசிய வெள்ளி. மின்விசிறி சுற்றியது, அதுவே பெரிசு.

மாலையில் மலாவத்தி குன்றில் ஏறினோம். கால் மணி நேர நடைதான். ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்தபடி பீரங்கிகள், அவற்றின்மேல் சாம்பல் நிறக் குரங்குகள். கடலை கையில் இருந்தால் உங்கள் பாடு அவ்வளவுதான். அண்ணன் ஒரு பீரங்கியைத் தட்டினார். "எங்க காலத்துல பத்து குண்டு போட்டா ஒண்ணு குறியில விழும். மத்த ஒம்பது யாரு வீட்டுலயோ. நம்ம பெட்டில இருக்கிற வித்தைய குண்டுல வச்சிட்டா ஒண்ணே ஒண்ணு போதும்மா. பாவமே இல்ல." எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் காலை தோட்டத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். அன்றைக்குப் போதுமான செயற்கைக்கோள்கள் தலைக்கு மேல் இருப்பது பத்து நாற்பதிலிருந்து ஒன்று பத்து வரைதான். அதற்குள் நான்கு மூலையும் முடிய வேண்டும். இன்னொரு தொல்லை, செம்பனை மட்டைக்கு அடியில் அந்தப் பெட்டிக்குக் காது கேட்காது. அதனால் வெட்டவெளியான தோட்டப் பாதையிலேயே நின்று அளந்தோம். பிளாக்கின் உள்ளே நாங்கள் யாரும் கால் வைக்கவில்லை. எண்கள் தோட்டத்து வரைபடத்தோடு அச்சாகப் பொருந்தின. கொடிகளை நட்டு, அளவுச் சான்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு கிராணியிடம், அதாவது அலுவலகக் கணக்கரிடம், கொடுத்தேன். எனக்கு ஒரே பெருமை.

திரும்பி வந்து நாலாவது மூலையில் பெட்டியின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, மரங்களுக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டது.

உள்ளே நூறு அடி நடந்திருப்பேன். ஆயாக் கொட்டகை! தகரக் கூரை, வரிசையாகத் தூளிகள், வாசலில் தண்ணீர் பீப்பாய். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். ஆயா பச்சையம்மா என்னை முறைத்தார்.

"இந்தக் கொட்டகை எப்போலேர்ந்து இங்க இருக்கு அக்கா?"

"பழசு வெள்ளத்துல போச்சு. ரெண்டு வருசமா இங்கதான் லா. ஏன், நீங்கதான் கொடி நட்டவங்களா? நாளைக்கு ஏழு மணிக்கு அடிக்கிறாங்களாமே, எந்தப் பக்கம்?"

அலுவலகத்துக்கு ஓடினேன். கிராணி வரைபடத்தை விரித்துக் காட்டினார். "படத்துல கொட்டகை இல்லையே. நாளைக்கு ஒரு நாள் ஆயாவ லீவு எடுக்கச் சொல்லலாம்."

"நாளான்னைக்குப் புள்ளைங்க அந்த மண்ணுலதானே தவழும்? அந்தத் தண்ணியத்தானே குடிக்கும்?"

"மானேஜர் சபாக் ஊருக்குப் போயிட்டாரு. தாள் நீங்க குடுத்ததுதானே லா?"

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் வேனைக் கிளப்பினார். நான்கு மூலைக்கும் போனோம். நானே நான்கு கொடிகளையும் பிடுங்கி இருக்கைக்கு அடியில் திணித்தேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தோட்ட வாசலில் நின்றோம். விமானம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிற்று. மானேஜர் கத்திய கத்தல் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வரை கேட்டிருக்கும். அந்தத் தோட்டம் பிறகு எங்களைக் கூப்பிடவே இல்லை. ஆனால் அடுத்த மாதம் கொட்டகையைச் சுற்றி விட்டுவிட்டு, ஆள் வைத்துக் கையால்தான் அடித்தார்களாம்.

திரும்பும்போது புக்கிட் ரோத்தானில் தேநீருக்கு நிறுத்தினோம். அண்ணன், "பெட்டி தப்பு பண்ணலம்மா. நாலு மூலையும் சரி," என்றார்.

"அதான்ணே பயமா இருக்கு."

அவர் தேநீரைத் தொடவே இல்லை. "அந்த ஒத்தக் குண்டுக்கும் யாராவது இப்படித்தான் தாள் குடுப்பாங்க, இல்ல?"

போகிறவர்களுக்கு: காலையிலேயே குன்றில் ஏறிவிடுங்கள், வெயில் பொல்லாதது. கடலையை மறைத்து வையுங்கள். தோட்டத்துப் பக்கம் போனால் வரைபடத்தை நம்பி நிற்காதீர்கள், உள்ளே இறங்கி யாரிடமாவது கேளுங்கள். ஆகாயத்திலிருந்து வருவது மருந்தோ குண்டோ, குறி தவறாது என்று யார் சொன்னாலும், குறியைக் கடைசியாக நேரில் போய்ப் பார்த்தது யார் என்று நான் இப்போது கேட்கிறேன். என் அண்ணன் மகனிடமும் கேட்டேன்.

அந்தத் தாளின் நகல் என் பெட்டியில் இன்னும் இருக்கிறது. "பிளாக் 17: செம்பனை மட்டும்" என்று அச்சடித்திருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்து. கொட்டகையை விட்டு வருவதற்கு முன் எண்ணினேன், பதினோரு பிள்ளைகள்.