பின்னால் வருகிறாள் என்று நினைத்தோம்

வட ஐரோப்பாவின் பெர்கன் துறைமுகத்தில் நாங்கள் கப்பலேறிய பிற்பகலில் மழை பெய்துகொண்டிருந்தது. ஐப்பசி பிறந்து சில நாளே ஆகியிருந்தது. பாளையங்கோட்டையிலும் அன்று மழைதான் என்று மகன் தொலைபேசியில் சொன்னான். ஆனால் அந்த மழைக்கும் இந்த மழைக்கும் உறவில்லை. நம்முடையது இடியோடு வந்து தெருவை ஆறாக்கிவிட்டு ஓய்ந்துபோகும். இதுவோ ஓசையின்றி, ஓய்வின்றி, எதையோ மறைப்பதற்காகவே பெய்வதுபோல் பெய்தது.

நாங்கள் நால்வர்: நான், என் மனைவி சாராள், அவளுடைய அண்ணன் தங்கராஜ், அவர் மனைவி செல்வம். தங்கராஜ் அத்தானுக்குச் சந்தையருகே பாத்திரக்கடை. ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் அருகே பிறந்து வளர்ந்தவன். வெள்ளக்காலத்தில் ஆறு அணையின்மீது ஏறிப் போவதைச் சிறுவயதிலேயே கண்டுவிட்ட கண்ணுக்கு, அடி தெரியாத நீர் எதுவானாலும் பகைதான். இப்பயணம் என் விருப்பமன்று; சாராளின் விருப்பம். பெண்கள் பள்ளியில் புவியியல் கற்பித்தவள் அவள். மலைகளுக்கு இடையே கடல் நுழையும் அந்த நீண்ட ஃபியர்டுகளைப் பணிக்காலம் முழுவதும் கரும்பலகையில் வரைந்தவள். "வரஞ்சதப் பாக்க வேண்டாமா?" என்று ஒருநாள் கேட்டாள். மறுவாரமே முன்பணம் கட்டினேன். ஆளுக்கு ஏறத்தாழ மூன்றரை இலட்சம் ரூபாய் ஆயிற்று.

பெர்கனிலிருந்து வடகோடியில் உள்ள கிர்கெனஸ் வரை கடல்வழியே சற்றொப்ப இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். எங்கள் கப்பல் உல்லாசத்துக்கு மட்டும் ஓடுவதன்று. அஞ்சலும் சரக்கும் உள்ளூர் மக்களும் அதில்தான் போகிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட துறைகளில் நிற்கும். பெருநகரமானால் சில மணி நேரம், சிற்றூரானால் கால்மணி நேரம். அத்தான் இதைக் கேட்டதும் மகிழ்ந்துபோனார்.

"இது நம்ம அம்பாசமுத்திரம் பஸ்ஸுல்லா மாப்ள! அங்கன அங்கன நின்னு ஆள ஏத்திட்டுப் போவும்."

கப்பல் புறப்படுமுன் எல்லாரையும் கூட்டிவைத்து ஒரு பெண் அதிகாரி பாதுகாப்பு விளக்கம் சொன்னார். ஆளுக்கொரு அட்டை. இறங்கும்போதும் ஏறும்போதும் வாயிலில் உள்ள கருவியில் காட்டவேண்டும். மணியொலி ஒன்று எழும். யார் உள்ளே, யார் வெளியே என்பது அந்த ஒலியால்தான் கப்பலுக்குத் தெரியும். குறித்த நேரம் ஆனதும் கப்பல் யாருக்காகவும் நிற்காது. கடைசியாக, குரலை மாற்றாமலே, "இந்தப் பருவத்து நீரில் விழுபவருக்குக் கைகால்கள் சில நிமிடங்களே பணிசெய்யும்" என்றார். இதை நான் தமிழாக்கிச் சொன்னபோது செல்வம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அத்தான் கையை நீட்டினார்.

"அட்டைய எல்லாம் எங்கிட்ட குடுங்க. நீங்க எங்கயாவது தொலச்சுப்போடுவிய."

நான்கு அட்டைகளும் அவர் வயிற்றோடு கட்டியிருந்த தோல்பைக்குள் சென்றன. எங்கள் பக்கத்தில் குடும்பமாகப் பேருந்தேறினால் பயணச்சீட்டு ஒருவர் கையில்தான் இருக்கும். 'சீட்டு பின்னால வருது' என்று நடத்துநரிடம் சொல்லிவிட்டு மற்றவர்கள் முன்னே போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே இது எங்களில் யாருக்கும் பிழையாகத் தோன்றவில்லை.

அடுத்து வந்த மூன்று நாள்களும் அழகானவை என்றே எழுதவேண்டும். பாறைச் சுவர்கள் மேகத்திலிருந்து நேரே நீருக்குள் இறங்கின. சரிவுகளில் வெண்பட்டைப் பூர்ச்ச மரங்கள் மஞ்சள் பூத்து நின்றன; இலையா பொன்னா என்று ஐயுறத்தக்க மஞ்சள். நான்காம் நாள் காலை ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்தோம். பூடோ துறையை விட்டபின் திறந்த கடல். தொலைவில் லொஃபோத்தன் தீவுகள் நீருக்கு மேல் ஒரு கோட்டைமதில்போல் எழுந்தன. சாராள் கப்பலின் மேல்தளத்திலேயே இருந்தாள். "ஃபியர்டோட வாயில ஆழம் கொறவு, உள்ள போகப்போகத்தான் ஆழம். பனியாறு தோண்டுனது" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். நான் அவள் சொன்ன ஆழத்தையே நினைத்துக்கொண்டு கைப்பிடிக் கம்பியை விடாமல் நின்றேன். பாவநாசத்தில் அருவிக்குக் கீழே உள்ள ஆழ்மடுவான கசத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். பச்சையும் கருமையும் கலந்து, உள்ளே யாரோ விழித்திருப்பதுபோன்ற நிறம். அங்கே அது ஒரு கிணற்றளவு. இங்கே நாள்முழுதும் இருபுறமும் அதுவே.

இரவுகளில் நான் உறங்கவில்லை. சுவருக்கு அப்பால் நீர் உராயும் ஓசை கேட்டபடியே இருந்தது.

ஆறாம் நாள். நண்பகலில் ஹொனிங்ஸ்வோக்கில் இறங்கி, ஐரோப்பாவின் வடமுனைக்குப் பேருந்தில் சென்று திரும்பினோம். காற்று ஆளைத் தள்ளியது. அத்தான் ஒரு காப்பி வாங்கினார். ஏறத்தாழ நானூறு ரூபாய். "இந்தக் காசுக்கு ஒரு எவர்சில்வர் குடமே குடுப்பேன் வே" என்று அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

மாலை ஐந்து மணியளவில் ஒரு சிறு மீன்பிடித் துறையில் கப்பல் நின்றது. அவ்வூரின் பெயரை எங்கள் நால்வரில் ஒருவர் நாவும் கடைசிவரை சரியாக உச்சரிக்கவில்லை. ஆகவே எழுதாமல் விடுகிறேன். இருட்டிவிட்டிருந்தது. எனக்குத் தலைசுற்றல், அறையில் படுத்திருந்தேன். சாராள் சால்வையை எடுத்தாள்.

"அண்ணனும் மயினியும் எறங்குதாவ. நானும் கால நீட்டிட்டு வந்துருதேன். நீங்க படுங்க."

அவள் கைப்பேசி மின்னூட்டத்தில் இருந்தது. கதவு சாத்தும் ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் சங்கு ஊதியது, தரை அதிர்ந்தது, கப்பல் புறப்பட்டுவிட்டது. அவள் செல்வத்தோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு உணவுக்கூடத்துக்குப் போனேன். அத்தானும் செல்வமும் இருந்தார்கள்.

"சாராள் எங்கே?"

"ரூமுக்குத்தானே வந்தா?"

"இல்லையே."

அத்தான் சிரித்தார். "எங்கயாவது கடலப் பாத்துக்கிட்டு நிப்பா. அவளுக்கு என்ன!"

மேல்தளத்தில் இல்லை. நூலறையில் இல்லை. பெண்கள் கழிப்பறைக்குள் செல்வம் போய்ப் பார்த்து வந்தார், அங்கும் இல்லை. நான் அலுவல் மேடைக்கு ஓடினேன். முதல் நாள் விளக்கம் சொன்ன அதே பெண் அதிகாரி திரையைப் பார்த்தார். "அவருடைய அட்டை உள்ளே வந்திருக்கிறது. அவர் கப்பலில்தான் இருக்கிறார்" என்றார். ஒலிபெருக்கியில் என் மனைவியின் பெயர் அயல்நாவில் சிதைந்து மும்முறை ஒலித்தது. பணியாளர்கள் தளந்தளமாகத் தேடினார்கள். யாரும் வரவில்லை.

அதிகாரி எங்கள்முன் வந்து நின்றார். இப்போது அவர் முகத்தில் புன்னகை இல்லை. "அவர் கப்பலில் ஏறியதை உங்களில் யாராவது கண்ணால் கண்டீர்களா?"

நான் அத்தானுக்குத் தமிழில் சொன்னேன்.

"ஏறுனா வே. எனக்குப் பின்னாலதான் ஏறுனா. நான் பாத்தேம்லா!"

அதை நான் ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன். வாழ்நாளில் எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன். நாவைச் சுட்டது அது ஒன்றுதான். ஏறியது உண்மையென்றால், கப்பலுக்குள்ளும் இல்லை என்றால், அவள் இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான் மீதி. அதிகாரி தொலைபேசியை எடுத்துத் தம் மொழியில் பேசினார். பொறியின் ஓசை மாறியது. மேசைமேல் இருந்த கண்ணாடிக் குவளை தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்தது. கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது.

நான் வெளித்தளத்துக்குப் போனேன். பெருவிளக்குகள் இரண்டு நீரைத் துழாவின. ஒளி விழுந்த இடத்தில் மட்டும் அலை, மற்றெங்கும் ஒன்றுமில்லை. வானில்லை, கரையில்லை. ஆலங்கட்டி மழை முகத்தில் அறைந்தது. சில நிமிடங்கள் என்று சொன்னாரே. கப்பல் புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டதே என்று மனம் கணக்குப் போட்டது. போடாதே என்று தடுத்தேன், போட்டது. அவளைக் கூப்பிட வாய் திறந்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகளாக 'இங்கே பார்' என்றே அழைத்தவன். பெயர் வரத் தாமதமாயிற்று. அலைநுரை ஒவ்வொன்றும் சால்வையாகத் தெரிந்தது.

உள்ளே திரும்பியபோது செல்வம் எழுந்து நின்றிருந்தார். கணவர் பேசும் இடத்தில் அவர் வாய்திறந்து நான் கண்டதில்லை. என்னைப் பார்த்துப் பேசினார், கணவரைப் பார்க்கவில்லை.

"அண்ணே, மணி மூணு தடவ அடிச்சுச்சு. ஏறுனது நாங்க ரெண்டு பேருதான். இவிய பையில இருந்து மூணு அட்டையவும் எடுத்துக் காட்டுனாவ."

"ஏளா, சும்மா கெட!" என்றார் அத்தான்.

"கெடக்க மாட்டேன். கடல்ல தேடுதாவ. நீங்க திரும்பியே பாக்கல. நானும் பாக்கல."

அத்தான் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து வயிற்றுப் பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"பின்னால வருதான்னு நெனச்சேன் மாப்ள. எப்பவும் பின்னாலதானே வருவா."

அதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி ஓடினார். வாயிலில் இருந்த கேமராவின் பதிவைப் பார்த்துவிட்டு வந்தார். ஏறியவர்கள் இருவரே. கடலில் இல்லை, கரையில் இருக்கிறாள். ஆனால் அக்கரையின் துறை அலுவலகத்தில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. கப்பல் புறப்பட்டதும் விளக்கணைத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். வெளியே நீர் உறையும் குளிர். ஒரு சால்வை. ஓர் அச்சம் போய் இன்னோர் அச்சம் அதன் நாற்காலியில் உட்கார்ந்தது.

ஏறத்தாழ ஏழு மணிக்குக் கரையோர வானொலி வழியாகச் செய்தி வந்தது: 'ஒரு மீனவர், கப்பலைத் தவறவிட்ட ஒரு பெண்மணியை அடுத்த துறைக்குத் தம் வண்டியில் ஏற்றிவருகிறார்.' நான் அதிகாரியின் கையைப் பிடித்து அழுதுவிட்டேன். அவர் நேர்மையானவர், மறைக்கவில்லை. "மலைமேட்டுச் சாலை. இன்று மாலைதான் பனி உறைந்திருக்கிறது. மெல்லத்தான் வருவார்கள்" என்றார்.

கப்பல் மீண்டும் தன் வழிக்குத் திரும்பியது. அடுத்த துறையின் விளக்குகள் தெரியும்வரை நானும் அத்தானும் தளத்தில் நின்றோம். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். போடச் சொல்லியும் போடவில்லை. ஊருக்குப் பின்னால் கரிய மலை. அதன்மேல் ஒரே ஒரு வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மாஞ்சோலை மலையிலிருந்து மாலைப் பேருந்து இறங்குவதை அடிவாரத்து மணிமுத்தாற்றில் நின்று பார்த்திருக்கிறேன். வளைவில் மறையும், மறுபடி தோன்றும். அப்படித்தான் அதுவும். ஒரு வளைவில் மறைந்தது. வெகுநேரம் தோன்றவில்லை.

"வருதா வே?" என்றார் அத்தான்.

நான் கம்பியின்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். பிறகு தோன்றியது.

சாராள் எவருடைய கம்பளிச் சட்டையோ அணிந்து, கையில் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு துறையில் நின்றாள். பக்கத்தில் நெடிய கிழவர் ஒருவர் புகைபிடித்துக்கொண்டிருந்தார். நடந்தது இவ்வளவுதான். படகிலிருந்து மீன் இறக்குவதைக் கண்டவள் விலை கேட்க நின்றிருக்கிறாள். மீனைக் கண்டால் விலை கேட்காமல் அவளால் போகமுடியாது, வாங்கவேண்டும் என்பதில்லை. சங்கு ஊதியது கேட்டிருக்கிறது.

"அண்ணன்தான் முன்னால ஏறிட்டானே, ஆள் வருதுன்னு சொல்லி நிப்பாட்டி வச்சிருப்பான்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

அத்தான் அவள்முன் போய் நின்றார். ஏதோ சொல்லத் தொடங்கி, அழுதார். பாத்திரக்கடை அண்ணாச்சி அழுவதை அத்துறையில் கயிறு கட்டிய தொழிலாளர்கள் பார்த்தார்கள்.

"கூப்புடவாவது செஞ்சிருக்கலாம்லா" என்றாள் சாராள். என் பக்கம் அவள் பார்க்கவில்லை. பொட்டலத்தைச் செல்வத்திடம் கொடுத்தாள். அதில் ஒரு முழு மீன் இருந்தது. கிழவர் விலை வாங்கவில்லையாம். பிறகு அண்ணன் வயிற்றுப் பையின் ஜிப்பைத் தானே திறந்து, தன் அட்டையை எடுத்துக்கொண்டாள். வாயிலில் அவளே காட்டினாள். மணி ஒருமுறை அடித்தது.

எஞ்சிய பயணத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கிர்கெனஸில் இறங்கினோம். வட ஒளி ஓரிரவு பச்சையாக அசைந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் சாராளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு திருமணத்துக்காக அம்பாசமுத்திரம் புறப்பட்டோம். புதிய பேருந்து நிலையத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். கார்த்திகை மழையில் ஆறு கரைதொட்டு ஓடியது. சாராள் முன்பக்கம் பெண்களோடு அமர்ந்தாள், நான் பின்னால். நடத்துநர் என்னிடம் வந்தார்.

"ரெண்டு அம்பாசமுத்திரமா சார்?"

முன்னாலிருந்து அவள் குரல் வந்தது. "எனக்கு எடுத்தாச்சு."

"என்ன சார், வீட்ல சண்டையா?" என்றார் நடத்துநர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஒரு சீட்டு வாங்கினேன்.

சேரன்மகாதேவியில் வண்டி புறப்பட்டபோது ஓர் இளைஞர் படியில் நின்று கத்தினார்: "யண்ணே, நில்லுங்க, ஆள் வருது!" வண்டி நின்றது. கைக்குழந்தையோடு ஒரு பெண் ஓடிவந்து ஏறினாள். மூச்சிரைக்க யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தாள். உலகில் எந்த வண்டியும் இப்படித்தான் நிற்கும் என்ற நம்பிக்கை அவள் முகத்தில் இருந்தது.

அம்பாசமுத்திரத்தில் சாராள் முன்வாயில் வழியே இறங்கினாள். நான் பின்வாயிலுக்கு வருவதற்குள் கூட்டம் மறித்துக்கொண்டது. சந்தை நாள். கீழே இறங்கிப் பார்த்தால் அவளைக் காணவில்லை. உறுதியான தரையில், பட்டப்பகலில், பெருவிளக்குகள் துழாவிய அந்தக் கரிய நீர் ஒரு கணம் என் கண்முன் வந்துபோனது. பிறகு அவளுடைய நீலச் சேலை தெரிந்தது. கூட்டத்துக்கு அப்பால், எனக்கு முன்னே போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தேன்.

சாலையைக் கடக்குமுன் அவள் நின்றாள். திரும்பினாள். நான் வருவதைக் கண்ட பிறகே காலெடுத்து வைத்தாள்.