ஒரு சொட்டுத் தண்ணீர்

எங்கள் நோர்வூட் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மின்சாரம் வந்த புதிது. பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். என்ன ஆராய்ச்சி என்று பக்கத்து வீட்டுச் செல்வி அத்தை கேட்டார். முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயில், பம்பு இல்லாமல் மின்சாரத்தாலேயே தண்ணீரை ஓடவைக்கிறேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

மறுநாள் காலை அத்தையோடு நாலைந்து பெண்கள், வெறுங்குடங்களோடு வாசலில் நின்றார்கள்.

“பாப்பா, நமக்குத்தான் கரண்டு வந்திருச்சே. கீழ ஊத்துப் பீலியில விழுற தண்ணிய லயத்துக்கு ஏத்திக் குடுப்பியா?”

“இல்லங்க அத்தே, ஒரு சொட்டுத்தான் ஓடும். கரண்டைக் கூட்டினா சூடாகி, குமிழ் வந்து அடைச்சிக்கும். அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் பாடுபடுறேன்.”

“ஒரு சொட்ட வச்சு என்னா செய்றது?”

“அந்தக் குழாயில ஒரு சொட்டு ரத்தத்த ஓடவிட்டுச் சோதிக்கலாங்க. ஒருநாள் இந்த லயத்திலயே.”

நோயாளிக் கணவரின் இரத்தப் பரிசோதனைக்காகக் கொழுந்து பறிக்கும் வேலைக்குப் போகாமல், அவரைத் தாங்கிப் பிடித்து ஹட்டன் பஸ்ஸில் ஏற்றி அலுத்தவர் அத்தை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“அப்ப நீ அதையே செய் பாப்பா. தண்ணிய நாங்க தூக்கிக்கிறோம்.”

இன்றும் குமிழ் வந்து குழாய் அடைக்கும்போது, அந்தக் குடங்கள் படியிறங்கிப் போனது நினைவுக்கு வரும். சலித்துக்கொள்ளாமல் மறுபடி தொடங்குவேன்.